நிழல் விழுந்த படங்கள்

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் நம் குட்டி மிளகும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மிளகுக்கு இருமல் நின்றதா என்று மட்டும் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

அண்ணனின் கம்ப்யூட்டரும் டிஸ்கும் நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தன. கைக்குழந்தையை அனுப்புவது போல் போர்வை மேல் போர்வையாகச் சுற்றியிருந்தீர்கள். பிரித்து முடிப்பதற்குள் என் மேசை ஜவுளிக்கடை ஆகிவிட்டது.

எதுவானாலும் மெயிலில் எழுதிவிடு என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. போனில் பேசினால் அண்ணன் பேச்சு வந்ததும் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிடுகிறோம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகியும் அதே கதைதான். எழுதினால் அழுதாலும் எதிராளிக்குக் கேட்காது, வேலையும் நடக்கும்.

கம்ப்யூட்டர் ஆமை வேகம் என்று சொன்னீர்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து பார்க்கிறேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஆமை கோபித்துக்கொள்ளும்.

மெஷின் மேல் தப்பில்லை. டிஸ்கில் மூச்சு விட இடமில்லை. அண்ணன் கேமரா வாங்கிய நாளிலிருந்து எடுத்த அத்தனை படமும் எடிட்டிங் சாப்ட்வேரில் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. சாப்ட்வேர் ஒவ்வொரு படத்துக்கும் தனக்கென்று ஒரு சின்ன நகல் செய்து வைத்துக்கொள்ளும். அந்த நகல்கள் வேறு டிஸ்கைத் தின்றிருக்கின்றன. போதாததற்கு ஒரே மெமரி கார்டை மறந்துபோய் மறுபடி மறுபடி ஏற்றியிருக்கிறார். போல்டர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள்: 'புதுசு', 'புதுசு மறுபடி', 'இதுதான் கடைசி', 'நிஜமாவே கடைசி'. லிப்ட் ரிப்பேருக்கு எடுத்துப்போகும் பையில் ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் இடத்தில் இருக்கும். அதே மனுஷன் படங்களை வைத்திருக்கும் லட்சணம் இது.

பகலில் கலர் லேபில் ஊரார் கல்யாண ஆல்பம், வீட்டுக்கு வந்தால் நம் வீட்டு வேலை என்று பிரித்துக்கொண்டேன். வருஷ வாரியாக, மாத வாரியாக அடுக்கித் தருகிறேன். எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

இருமல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வாய் வந்திருக்கிறது. அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறாள், வேறென்ன சொல்ல.

இந்த நாலைந்து நாளும் ஆஸ்பத்திரி லேபில் நிற்க நேரமில்லை. ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுத்ததும் மயங்கி விழுகிற ஆட்களாகப் பார்த்து என் வரிசைக்கே அனுப்புகிறார்கள். அதுதான் பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

எதை வைப்பது, எதைத் தூக்குவது என்று என்னிடம் கேட்காதே. நான் பார்க்க உட்கார்ந்தால் ஒன்றைக்கூடத் தூக்க விடமாட்டேன், பிறகு அந்த மெஷின் எந்தக் காலத்தில் ஓடும்? எது நல்ல படம், எது குப்பை என்று தினமும் பார்ப்பதுதானே உன் தொழில். வேண்டாததை நீயே பார்த்துத் தூக்கிப் போடு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மிளகுக்கு இப்போது ஆறு வயது. அவர் போகும்போது நாலு. போன வாரம் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்பா மீசை வெச்சிருந்தாராம்மா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் துண்டை வாங்கி அவள் முகத்தை மூடித் துவட்டினேன், என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று.

மீசை கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது, காட்டினேன். ஆனால் அதில் இருப்பவர் அவளுக்கு யாரோ மாப்பிள்ளை. அவளும் அவரும் சேர்ந்து இருக்கிற படம் வேண்டும் என்கிறாள். என் போனில் இருந்தவை தண்ணீரில் விழுந்த போனோடு போய்விட்டன. உங்கண்ணன் கேமராவை என் கையில் தந்ததே இல்லை, நான் எடுத்தால் தலை வெட்டுப்படுமாம். அத்தை தேடி அனுப்புவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவசரம் இல்லை. ஆனால் சீக்கிரம்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை முடிந்தது. முதலில் நல்ல சேதி: மெஷின் பறக்கிறது. வேகமான புது டிஸ்க் ஒன்று போட்டு சாப்ட்வேரை அதில் ஏற்றிவிட்டேன். பழைய நகல்களை எல்லாம் துடைத்து, சின்ன அளவில் புதிதாகச் செய்ய வைத்தேன். இப்போது ஒரு படத்தைத் தொட்டால் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. பெரிதாக்கினாலும் திணறுவதில்லை. மிளகே ஓட்டலாம், அவ்வளவு சுலபம்.

படங்களைப் பிரிக்க உட்கார்ந்த முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. அண்ணன் எடுத்தது, அண்ணன் எடுத்தது என்று ஒவ்வொன்றிலும் நின்றுவிட்டேன். இப்படிப் போனால் பேரன் பேத்தி எடுத்தாலும் முடியாது என்று தெரிந்து, இது யாரோ கஸ்டமர் வேலை என்று மனதில் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. லேபில் செய்கிற அதே முறைதான். ஒரே மாதிரி இருப்பவற்றில் சிறந்தது ஒன்று போதும். ஆடிப்போனவை, இருட்டானவை, முதுகு மட்டும் தெரிபவை போகும். படம் எடுக்கிறவரின் நிழல் விழுந்தவை, லென்ஸ் மேல் விரல் பட்டவை, கண்ணாடியில் பிளாஷ் அடித்தவை இவையெல்லாம் முதல் பார்வையிலேயே போகும். அண்ணன் தயவில் அந்த ரகம் எக்கச்சக்கம். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இப்போது மிச்சம் இருப்பது அத்தனையும் முத்து. மிளகின் முகம் ஒவ்வொன்றிலும் பளிச்சென்று இருக்கிறது.

நீங்கள் கேட்டதுதான் கிடைக்கவில்லை. எடுத்தது எல்லாம் அவரே. அப்புறம் அவர் எப்படிப் படத்தில் வருவார்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஒரே டிஸ்கை நம்பக் கூடாது என்று லேபில் எங்களுக்குப் பாடம். அதனால் பழைய டிஸ்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, பிரித்த படங்களை அதிலும் ஒரு நகல் போட்டிருக்கிறேன். இரண்டையும் இன்று பார்சலில் அனுப்பிவிட்டேன். ஒரு பாராட்டாவது எழுதுங்கள், கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
கழுத்து திரும்பாத நாத்தனார்


ஜூலை 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

பார்சல் வந்தது. நீ சொன்ன மாதிரியே வேகமாக இருக்கிறது. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நீயாக எதையாவது தேய்த்துக்கொள்ளாதே.

ஒரு சந்தேகம். நேற்று மிளகை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். எல்லாம் அழகாக இருக்கின்றன. ஆனால் நான் தேடிய சிலது கண்ணில் படவில்லை. மொட்டை மாடியில் அவள் முதல் தடவை நடந்த அன்று எடுத்தது ஒன்று. சாயங்கால வெயிலில் அவர் நிழல் நீளமாகத் தரையில் விழுந்திருக்கும், அவள் சரியாக அந்த நிழலின் தலை மேல் கால் வைத்து நிற்பாள். அந்தப் படத்தைக் காட்டி, "பிறந்து ஒரு வருஷத்துல தலையில ஏறிட்டா பாரு" என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வார்.

இன்னொன்று பீரோ வாங்கப் போன கடையில். வாசலில் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ நின்றது. அவள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கண்ணாடியைப் பார்த்து எடுத்தார். பிளாஷ் அடித்துப் பாதி வெள்ளையாகப் போயிருக்கும், ஆனாலும் இரண்டு பேரும் தெரிவார்கள்.

அப்புறம் மூலையில் அவர் விரல் வந்த படங்கள். கிரீஸ் போகாத அந்தக் கட்டை விரல். அதை வெட்டி எடுத்துவிடு என்று நானே திட்டியிருக்கிறேன்.

படம் எல்லாம் முடிந்ததும் மிளகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் மட்டும்தான் இருக்கேன். அப்பா என்கூட இருந்ததே இல்லையா?" என்றாள். இருந்தார், அத்தை வேறு போல்டரில் வைத்திருப்பாள் என்று சொன்னேன். தூக்கிப் போட்டதை எல்லாம் எங்கேயாவது தனியாக வைத்திருப்பாய்தானே? அதை அப்படியே அனுப்பு. பிரிக்க வேண்டாம், அடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

வேறு போல்டர் இல்லை, அண்ணி.

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துத்தான் படித்தேன். தனியாக எங்கேயும் வைக்கவில்லை, அப்போதே அழித்துவிட்டேன். அழித்ததைத் திரும்ப எடுக்கிற சாப்ட்வேர் உண்டு. ஆனால் பத்திரமாக இருக்கட்டும் என்று அதே டிஸ்கில் நல்ல படங்களை மேலே எழுதிவிட்டேன். பத்திரம் பார்த்ததே வினையாகிவிட்டது.

ஆனாலும் அந்த டிஸ்க் உங்களிடம் இருப்பதால், அதை யாரும் தொடாமல் எனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி உங்கள் வீட்டு மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றே பேசினேன். நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள். முந்தாநாள் வந்தது. இரண்டு நாளாக லேபில் எல்லாருமாக உட்கார்ந்து தோண்டினோம். சிலது பாதிப் பாதியாக வந்தன. மேலே கொஞ்சம் ஆகாயம், கீழே வெறும் சாம்பல் நிறம். மொட்டை மாடிப் படம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே இல்லை. பீரோக் கடை வரவே இல்லை.

களை எடுக்கிறேன் என்று உட்கார்ந்து பயிரைப் பிடுங்கிவிட்டேன்.

மிளகிடம் நீங்கள் சொன்ன சொல் வீணாகக் கூடாது என்பதற்காக ஒன்று செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருக்கும் கல்யாணப் படம் ஒன்றிலிருந்து அண்ணன் உருவத்தை எடுத்து, பூங்காவில் மிளகு உட்கார்ந்திருக்கும் படத்தில் அவள் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். வெளிச்சம் விழும் பக்கம், சட்டை மடிப்பு எல்லாம் பொருந்துகிறது. எங்கள் லேபுக்கு இப்படி வேலை அடிக்கடி வரும். தவறிப்போனவரைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கேட்பார்கள், வாங்கும்போது கண் கலங்கிச் சந்தோஷப்படுவார்கள். ஒட்டு எங்கே என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

உங்கள் நாத்தனார்


ஜூலை 13

படம் கிடைத்தது.

மிளகு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இது எப்ப எடுத்தது?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரில் புல்லில் மண்டியிட்டு, எறும்பு கடிக்கக் கடிக்க எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்தேன். உன் படத்தில் அவர் கல்யாணப் பவுடரோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மனுஷனை எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை அழித்துவிட்டு நடக்காததை ஒட்டித் தருகிறாய். உன் கஸ்டமர்கள் கண் கலங்கி வாங்கிப் போகட்டும். எனக்கு வேண்டாம்.

தூக்கிப் போடு என்று சொன்னது நான்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் உன்னைத் திட்டக்கூட முடியாமல் இன்னும் எரிகிறது.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இதற்குப் பதில் போட வேண்டாம். படித்தால் போதும்.

நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பழக்க தோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அண்ணனின் படங்களை யாரோ கஸ்டமர் படம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன் பாருங்கள், தப்பு அங்கேதான். அழாமல் வேலை முடிய வேண்டும் என்று அப்படிச் செய்தேன். அழுதுகொண்டே பார்த்திருந்தால் அந்த நிழல் யாருடையது என்று தெரிந்திருக்கும். எனக்கும் அவர் ஒரே அண்ணன்தான். அந்தப் படங்கள் எனக்கும்தான் போயின.

ஒட்டுப் படத்தை என் பக்கம் இருந்து அழித்துவிட்டேன். நான் அழித்ததிலேயே சரியாக அழித்தது அது ஒன்றுதான்.

இப்போது எழுதக் காரணம் வேறு. மிளகுக்குப் பெரிய அளவில் ஒரு படம் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று, என்னிடம் திரும்பி வந்த பழைய டிஸ்கின் நகலில் ஜன்னல் ஓரம் எடுத்த படத்தைத் திறந்தேன். அவள் மூன்று வயதில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நேராகப் பார்ப்பாளே, அது. பெரிய பிரிண்ட் என்றால் கண் தெளிவாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். அவள் கண்ணை முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். கருவிழிக்குள் ஜன்னல் சின்னதாக, வளைந்து, வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நடுவில் ஒருத்தர் மண்டியிட்டிருக்கிறார். ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கேமரா பிடிக்கும்போது முழங்கையை அப்படி நீட்டிப் பக்கத்தில் நிற்பவரை எல்லாம் இடிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே அடுத்ததைத் திறந்தேன். பூங்காவில் எடுத்தது. அதிலும் இருக்கிறார், கொஞ்சம் மங்கலாக, பின்னால் மரத்தோடு. அதற்கடுத்ததிலும் இருக்கிறார். அவள் கேமராவை நேராகப் பார்த்த படம் என்றால், கிட்டத்தில் எடுத்திருந்தால், வெளிச்சம் போதுமானதாக இருந்தால், இருக்கிறார்.

ஜன்னல் படத்தின் கண்ணை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். எதையும் சேர்க்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும். கூட்டவில்லை. நீங்கள் சொல்லாமல் இனி ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மெயிலை வந்த அன்றே பார்த்தேன். படித்தேன். படத்தைத் திறக்கவில்லை. மறுபடியும் எதையாவது செய்து அனுப்பியிருப்பாய் என்ற பயம்தான், மறைப்பானேன்.

முந்தாநாள் லீவு. மிளகு தூங்கும்போது திறந்து பார்த்தேன். அப்புறம் உன் பேச்சை நம்பாமல், நம் வீட்டு மெஷினிலேயே அதே படத்தை எடுத்து நானே பெரிதாக்கிப் பார்த்தேன். நீ எதையும் சேர்க்கவில்லை. அவர் மண்டியிட்டிருக்கிறார். சட்டைக் கையை மடித்து விட்டிருப்பதுகூடத் தெரிகிறது, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

மிளகு எழுந்து வந்து, என்ன பார்க்கிறாய் என்றாள். உன் கண் என்றேன். நம்பவில்லை. படத்தைச் சின்னதாக்கி அவள் முகத்தைக் காட்டி, மறுபடி மெதுவாகப் பெரிதாக்கிக் காட்டினேன். உள்ளே இருப்பது யார் என்று கேட்டாள். அப்பா என்றேன். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள்.

"அப்பா ஏன் மூஞ்சிய மறைச்சிட்டு இருக்காரு?"

"மறைக்கல. அது கேமரா. உன்னையேதான் பாத்துட்டு இருக்காரு."

அடுத்த படத்தைத் திற என்றாள். அதிலும் கண்ணுக்குள் போ என்றாள். அதற்குப் பிறகு மவுஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சில படங்களில் வெறும் கறுப்புதான். அப்போது, "அப்பா தூரமா நிக்கிறாரு" என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். நான் எழுந்து போய்ச் சமையல் முடித்து வந்தேன், அவள் நகரவில்லை. பழைய வேகத்தில் இருந்திருந்தால் இரண்டாவது படத்திலேயே அலுத்துப்போய் விளையாடப் போயிருப்பாள். அந்த அளவுக்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான், சொல்லிவிட்டேன்.

பீரோக் கடைப் படத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அது இன்றைக்கோ நாளைக்கோ ஆறிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறினால் சொல்கிறேன். அதுவரை நீ கோபத்தோடு இருக்கிற அண்ணியோடுதான் பேச வேண்டும், பரவாயில்லையா?

நேற்று சாப்பிடும்போது மிளகு கேட்டாள், படத்தில் எல்லாம் நான் எதற்காகச் சிரிக்கிறேன் என்று. அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்லித்தான் அவளைச் சிரிக்க வைப்பார். என்ன சொல்வார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. சின்ன வயதில் உன்னையும் அவர்தானே படம் எடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்குமா?

இருந்தால் எழுதாதே. லீவு போட்டு வந்து அவளிடம் நேரில் சொல்.

அன்புடன்,
உன் அண்ணி